செல்லப்பெயரும் பதிவுப்பெயரும்: திண்டுக்கல் வட்டாரத்தில் பெண் குழந்தைக்குப் பெயரிடும் வரலாறு

வீட்டார் அன்பினால் குழந்தையை அழைக்கும் பெயர் செல்லப்பெயர் எனப்படும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் எழுதப்படுவது பதிவுப்பெயர். திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் பெண் குழந்தைகள் பெரும்பாலும் இவ்விரு பெயர்களோடும் வளர்கின்றனர். அம்மு, பாப்பா, தங்கம், அபி, சிட்டு, பொன்னு போன்றவை வீட்டில் வழங்கும் பெயர்கள்.

முற்காலத்தில் பதிவுப்பெயருக்கு நிகரான முறைப்பெயர் முதலில் முடிவாகும். செல்லப்பெயர் அதன்பின் தோன்றும். இன்றோ பல குடும்பங்களில் செல்லப்பெயர் முதலில் வந்துவிடுகிறது. அதற்குப் பொருந்தும் பதிவுப்பெயரைப் பிறகு தேடுகின்றனர். இந்த வரிசை மாறிய வரலாற்றையும் அதனால் பெண்களுக்கு நேர்ந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரை கூறுகிறது.

சங்ககாலப் பெயர்களில் காணும் முறை

சிறிய பெயரை விரித்து மதிப்பான பெயராக்கும் முறை தமிழில் மிகப் பழையது. சங்கப் பெண்பாற் புலவருள் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒருவர். இவர் பெயரின் நடுவில் இருப்பது 'செள்ளை' என்னும் சிறு பெயர். அதன் முன்னே சிறப்புப் பொருள் தரும் 'ந' என்னும் இடைச்சொல்லும், பின்னே மதிப்புப் பொருள் தரும் 'ஆர்' விகுதியும் சேர்ந்துள்ளன. நக்கீரன், நப்பின்னை ஆகிய பெயர்களில் வருவதும் இதே 'ந' என்று இலக்கண நூலார் விளக்குவர். ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரும் இவ்வகையினது. சாத்தி என்பது அடிப்பெயர். 'மா' முன்னே வந்தது. 'ஆர்' பின்னே வந்தது.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். சிறிய பெயரை அழிக்காமலே அதைப் பெரிய பெயராக்க முடியும். அழைக்கும் பெயர் உள்ளே இருக்க, அவையில் சொல்லும் பெயர் அதைச் சுற்றி அமைகிறது. பிற்காலத்தில் 'அம்மாள்', 'ஆத்தாள்', 'தாயி', 'நாச்சியார்', 'வல்லி' போன்ற பின்னொட்டுகள் இப்பணியைச் செய்தன.

பெயர்த்தி என்னும் உறவு

பேரன், பேத்தி என்னும் உறவுச்சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பது அவற்றின் பொருள். பெயரிடும் வழக்கம் உறவுமுறைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. பல சமூகங்களில் மூத்த மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரையும், அடுத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயரையும் இடுவது வழக்கமாக இருந்தது. சில குடும்பங்களில் இந்த வரிசை மாறும்.

இவ்வழக்கம் வீட்டில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. மருமகள் தன் மாமியாரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆனால் அவள் பெற்ற மகளுக்கோ மாமியாரின் பெயர்தான் இடப்பட்டிருக்கும். தான் பெற்ற குழந்தையைத் தாயே பெயர் சொல்லி அழைக்க முடியாத நிலை இது. ஆகவே, இன்னொரு பெயர் தேவைப்பட்டது. ஆத்தா, தாயி, அப்பத்தா, பாப்பா, சின்னப்பொண்ணு என்று குழந்தையை அழைத்தனர். தந்தையைப் பெற்றவளை அப்பத்தா என்றும், தாயைப் பெற்றவளை அம்மாச்சி என்றும் அழைக்கும் இவ்வட்டாரத்தில், தொட்டிலில் கிடக்கும் குழந்தையையே 'அப்பத்தா' என்று கொஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, செல்லப்பெயர் கொஞ்சுவதற்காக மட்டும் தோன்றியதன்று. மூத்தோர் பெயருக்குரிய மரியாதையும் தாயின் அன்பும் ஒரே வீட்டில் இடம்பெற அது வழிசெய்தது. முறைப்பெயர் குலத்தின் உரிமையாக இருந்தது. செல்லப்பெயர் தாயின் உரிமையாக இருந்தது.

ஊர்த் தெய்வங்களும் பெண் பெயர்களும்

பாட்டி பெயருக்கு அடுத்தபடியாகப் பெயர்களைத் தந்தவை ஊர்த் தெய்வங்கள். திண்டுக்கல் நகரின் நடுவிலுள்ள சிவன் கோயிலில் காளகஸ்தீஸ்வரர் – ஞானாம்பிகை, பத்மகிரீஸ்வரர் – அபிராமி என இரு இணைகள் உள்ளன. ஆயினும் மக்கள் அதனை 'அபிராமி அம்மன் கோயில்' என்றே வழங்குகின்றனர். அபிராமி என்னும் பெயர் இந்நகரில் பரவலாக இடப்படுகிறது. வீட்டில் அது அபி என்று சுருங்கும்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் உள்ளது. மாசி மாதத் திருவிழா இங்குப் பெரியது. மாரியம்மாள், முத்துமாரி ஆகிய பெயர்கள் இத்தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையவை. வீட்டில் இவை மாரி, முத்து என்று குறுகும். நகருக்கு வடக்கேயுள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தாயார் பெயர் சௌந்தரவல்லி. அப்பெயர் வழக்கில் சௌந்தரம் ஆகும். மாவட்டத்தின் மேற்கிலுள்ள பழனியால் பழனியம்மாள், வள்ளியம்மாள் ஆகிய பெயர்கள் வந்தன.

பிற சமயத்தாரிடமும் இதே போக்கு உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமுழுக்கின்போது இடும் பெயர் பங்குப் பதிவேட்டில் எழுதப்படும். ஆரோக்கியமேரி, சகாயமேரி, மரியம்மாள் ஆகியோர் வீட்டில் ஆரோக்கியம், சகாயம், மேரி என்று அழைக்கப்படுவர். தமிழ் இசுலாமியர் வழக்கில் பாத்திமா என்னும் அரபுப் பெயரோடு 'முத்து' சேர்ந்து பாத்திமுத்து ஆயிற்று. சமயம் தந்த பெயரும் வீட்டார் கொஞ்சும் சொல்லும் ஒன்றிணைந்து முறைப்பெயராவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விருப்பாச்சியும் பேகம்பூரும்

இவ்வட்டார வரலாற்றில் இரு பெண்களின் பெயர்கள் இங்கு நினைக்கத்தக்கவை.

1772-இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் தம் மகளுடன் தப்பி, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள விருப்பாச்சிப் பாளையத்தில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ஐதர் அலியின் உதவி பெற்று 1780-இல் சிவகங்கையை மீட்டார். அம்மகளின் பெயர் வெள்ளச்சி. வெள்ளை நிறத்தவள் என்று பொருள்படும் இச்சொல் சிற்றூர்களில் எளிய வீடுகளிலும் வழங்குவது. அரச குடும்பத்தில் அதனோடு நாச்சியார் சேர, அது வெள்ளச்சி நாச்சியார் ஆயிற்று. நச்செள்ளையார் பெயரில் கண்ட அதே முறை, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்ததை இது காட்டுகிறது.

ஐதர் அலி 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் நகரின் ஒரு பகுதியில் உள்ளது. அப்பகுதி பேகம்பூர் எனப்படுகிறது. பேகம் என்பது உயர்குடிப் பெண்களை அழைக்கும் மதிப்புச்சொல். ஊரின் பெயரில் நிலைத்தது அந்த அழைப்புச்சொல்லே. அமீருன்னிசா என்னும் இயற்பெயரை அறிந்தோர் குறைவு. மக்கள் நாவில் பயிலும் பெயரே நிலைக்கும் என்பதற்குப் பேகம்பூர் சான்று.

மாவட்டத்தின் பெயருக்கும் இது பொருந்தும். 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என வெவ்வேறு காலங்களில் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியது. மக்கள் திண்டுக்கல் என்றே சொல்லிவந்தனர். இறுதியில் அரசு ஆவணத்திலும் அப்பெயரே நின்றது.

செல்லப்பெயர் முன்னிலைக்கு வந்த சிலர்

இருபதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற தமிழ்ப் பெண்கள் சிலரின் பெயர்கள் இரு வழக்கங்களுக்கும் எடுத்துக்காட்டாகும். 1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த இசைக்கலைஞர் டி. கே. பட்டம்மாளுக்கு இடப்பட்ட பெயர் அலமேலு. வீட்டில் 'பட்டா' என்று அழைத்தனர். அச்செல்லப்பெயரே அம்மாள் சேர்ந்து மேடைப் பெயராயிற்று. 1916-இல் மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி வீட்டில் குஞ்சம்மாள். ஆனால் உலகம் அறிந்தது அவருடைய முறைப்பெயரையே.

1948-இல் பிறந்த முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குப் பாட்டி வழிப் பெயராக இடப்பட்டது கோமளவல்லி. பள்ளியில் பயன்பட்டது ஜெயலலிதா. வீட்டில் அழைத்தது அம்மு. பாட்டி பெயர், பதிவுப்பெயர், செல்லப்பெயர் மூன்றும் மூன்று வேறு பெயர்களாக இருந்ததற்கு இது தெளிவான சான்று.

இத்தகைய இரட்டைப் பெயர் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தில் வீட்டில் அழைக்கும் பெயர் 'டாக் நாம்', வெளியில் வழங்கும் பெயர் 'பாலோ நாம்' என்று தனித்தனியே பெயர் பெற்றுள்ளன. எழுத்தாளர் சும்பா லாகிரியின் முறைப்பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியருக்குச் செல்லப்பெயரே எளிதாக இருந்ததால் அதுவே நிலைத்தது. வீட்டுப்பெயர் பள்ளியில் எழுதப்படும் இந்நிகழ்வு திண்டுக்கல் சிற்றூர்களுக்கும் புதியதன்று.

பள்ளி வாசலில் நிலைத்த பெயர்

எழுதப்படாதவரை ஒருவருக்குப் பல பெயர்கள் இருப்பதால் இடையூறு இல்லை. அரசு பெயர்களை எழுதத் தொடங்கியபின் நிலைமை மாறியது. திண்டுக்கல் நகராட்சி 1866-இல் அமைந்தது. சென்னை மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் வந்தது. ஆனால் பிறப்பைப் பதிவு செய்யும்போது பல குழந்தைகளுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்காது. ஆகவே, 'பெண் குழந்தை' என்ற குறிப்போடு பெயர்க்கட்டம் வெறுமையாக நின்றுவிடும்.

இதனால் சிற்றூர்ப் பெண்கள் பலருக்கு முதன்முதலில் பெயரை எழுதியது தொடக்கப்பள்ளிப் பதிவேடு. 1950-களின் பிற்பகுதியில் மதிய உணவுத் திட்டம் பரவிய காலத்தில், அதுவரை பள்ளியைக் காணாத குடும்பங்களின் பெண்களும் சேர்க்கப்பட்டனர். ஆசிரியர் பெயரைக் கேட்க, உடன்வந்தவர் வீட்டுப் பெயரைச் சொல்ல, அதுவே எழுதப்பட்டது. பாப்பா, பாப்பாத்தி, சின்னப்பொண்ணு, செல்லாயி, ராசாத்தி ஆகியவை அட்டைகளிலும் பத்திரங்களிலும் முறைப்பெயர்களாக இன்றும் காணப்படுவதற்கு இத்தகைய பதிவுகளும் காரணம். சில இடங்களில் ஆசிரியரே வீட்டுப் பெயரை மாற்றி, தம் விருப்பப்படி ஒரு பெயரை எழுதியதும் உண்டு. அப்பெண்களுக்குப் பள்ளியில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர் என்றாயிற்று.

இதன் விளைவு சிறியதன்று. நிலப்பத்திரத்தில் வீட்டுப் பெயரும், சான்றிதழில் பள்ளிப் பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் இச்சிக்கல் எழுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதல் சுமை. திருமணத்தோடு ஊரும் முதலெழுத்தும் மாறிவிடுவதால், மூன்றாவது வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது.

வேண்டாத பெயர்கள்

எல்லாப் பெயரும் அன்பினால் இடப்பட்டவை அல்ல. அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்த வீடுகளில், அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயரிடும் வழக்கம் தமிழகத்தின் சில பகுதிகளில் இருந்தது. மதுரை வட்டாரத்தில் போதும்பொண்ணு என்பது அறிந்த பெயரே. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. இப்பெயர்களுக்குப் பின்னால் இருந்த மனநிலை எத்தகையது என்பதை இது உணர்த்தும்.

இத்தகைய பெண்களுக்குச் செல்லப்பெயர் ஓர் அடைக்கலமாக அமைந்தது. போதும்பொண்ணு வீட்டில் 'பொண்ணு' என்றே அழைக்கப்படும்போது, பெயரின் கசப்பான பாதி மறைந்துவிடும். ஆனால் ஆவணத்தில் அது மறையாது. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது நாள்தோறும் முழுப்பெயரே ஒலிக்கும். மகாராட்டிரத்தில் 'வேண்டாதவள்' என்னும் பொருளில் 'நகோசி' என்று பெயரிடும் வழக்கம் இருந்தது. 2011-இல் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, இப்பெயர் கொண்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறுமியருக்குப் புதிய பெயர் சூட்டியது. தமிழ்நாட்டில் பெயர் மாற்றம் வேண்டுவோர் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வழியாக அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

புதிய பெயர்களின் காலம்

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் வளர்ந்த திராவிட இயக்கமும் பெயரிடும் முறையை மாற்றின. தமிழ்ச்செல்வி, கயல்விழி, மலர்விழி, பூங்கோதை, தேன்மொழி போன்ற பெயர்கள் பரவின. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலால் வானதி, பூங்குழலி, குந்தவை முதலிய பெயர்கள் வீடுகளுக்குள் நுழைந்தன.

இப்பெயர்களில் ஒரு வசதி உண்டு. கயல், மலர், பூங்கோதை என்பதில் கோதை, தேன்மொழியில் தேனு என அழைக்கும் பெயர் உள்ளேயே இருக்கிறது. பாட்டியின் பெயரன்று என்பதால் தாய் முழுப்பெயரையே தயங்காமல் சொல்லலாம். ஆகவே, செல்லப்பெயருக்கு இருந்த பழைய தேவை குறைந்தது. ஆனால் செல்லப்பெயர் மறையவில்லை. கட்டாயத்தால் பிறந்தது, விருப்பத்தால் தொடர்ந்தது.

பதிவுச் சட்டமும் பெயரும்

இன்று நடைமுறையில் உள்ளது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிடில் பெயரின்றியே பதியலாம். சட்டத்தின் பிரிவு 14 இதற்கு இடமளிக்கிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். எழுத்துப்பிழையைத் திருத்த வழி உண்டு. ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை நினைத்தபடி வேறு பெயராக்க முடியாது.

2023-இல் திருத்தப்பட்ட சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதன்பின்னும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாள், பிறந்த இடம் ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். முன்பு பள்ளி வாசலில் முடிவான பெயர், இப்போது தொட்டில் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெயர் சூட்டும் நாளுக்கு முன்பே வீட்டார் அம்மு, பாப்பா என்று அழைக்கத் தொடங்கிவிடுவர். அதனால்தான் செல்லப்பெயருக்குப் பொருந்தும் பதிவுப்பெயரைத் தேடும் நிலை ஏற்பட்டது.

பொருத்தும் முறைகள்

இன்றைய வழக்கில் நான்கு முறைகளைக் காணலாம்.

முதலாவது, விரித்தல். அபி என்பது அபிராமி, அபிநயா என்றும், மீனு என்பது மீனாட்சி என்றும், நிலா என்பது வெண்ணிலா என்றும் விரியும்.

இரண்டாவது, ஒலி இயைபு. அம்மு என்பதற்கு நேர்ப்பெயர் இல்லை. ஆயினும் அமுதா, அமுதவல்லி ஆகியவை அதற்கு ஒலியால் நெருங்கியவை.

மூன்றாவது, பொருள் இயைபு. ராசாத்தி என்று கொஞ்சிய குழந்தைக்கு அரசி, மங்கையர்க்கரசி என்றும், கண்ணு என்று கொஞ்சிய குழந்தைக்குக் கண்மணி என்றும் பெயரிடலாம்.

நான்காவது, பாட்டி பெயரோடு இணைத்தல். தங்கம் என்பது செல்லப்பெயராகவும் மாரியம்மாள் என்பது பாட்டி பெயராகவும் இருந்தால், தங்கமாரி என்பதில் இரண்டும் நிற்கும்.

இவற்றோடு பிறந்த நட்சத்திர எழுத்தும் பார்ப்பதுண்டு. 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகள் சொல்லப்படுகின்றன. குறித்த எழுத்தில் செல்லப்பெயர் தொடங்காவிடில் பொருள் இயைபு முறையே கைகொடுக்கும்.

நிறைவு

செல்லப்பெயரிலிருந்து பதிவுப்பெயரைத் தேடுவது இக்காலத்துப் புதுமை என்று தோன்றலாம். ஆனால் செள்ளை நச்செள்ளையாராகவும், வெள்ளச்சி வெள்ளச்சி நாச்சியாராகவும், பட்டா பட்டம்மாளாகவும் ஆன வழியும் அதுவே. மாறியது காலமும் அவசரமும் மட்டுமே. முன்பு ஒரு பெயர் பொருந்தாவிடில் ஊர் இன்னொரு பெயரால் அழைத்துக்கொள்ளும். இன்று எழுதிய பெயர் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. ஆதார் அட்டையில்கூட வாழ்நாளில் இருமுறை மட்டுமே பெயரைத் திருத்தலாம்.

ஆகவே, பெயர்க்கட்டத்தை நிரப்புமுன் சட்டம் தரும் 12 மாதங்களைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. அக்கட்டத்தில் எழுதும் பெயரை அப்பெண் வகுப்பிலும் அலுவலகத்திலும் தானே சொல்ல வேண்டியிருக்கும். கூச்சமின்றிச் சொல்லத்தக்கதாகவும், வீட்டார் அழைத்த குரல் அதில் கேட்கத்தக்கதாகவும் இருப்பதே பொருத்தமான பெயர்.